கடல் நீரில் முட்டை ஏன் மிதக்கவில்லை?

மண்டபம் ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். நல்ல தண்ணீரில் முட்டை மூழ்கும், உப்பைக் கரைத்தால் மிதக்கும் என்ற சோதனையைச் செய்துகாட்டாத அறிவியல் ஆசிரியர் இருக்க மாட்டார். கடல் கூப்பிடு தொலைவில் இருக்கும்போது கடை உப்பை வீணாக்குவானேன் என்று என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு வாளி கடல் நீரை அள்ளி வந்துவிட்டார்கள். அன்று இட்ட முட்டையை அதில் விட்டபோது அது நேராக அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. வகுப்பே சிரித்தது. ஒரு சிறுமி மட்டும், "நம்ம கடல்ல உப்பு பத்தலையா டீச்சர்?" என்று கேட்டாள்.

பத்தவில்லை என்பதுதான் விடை என்றாலும், எவ்வளவு இருந்தால் பத்தும் என்பதை அளந்து காட்டாமல் அந்தக் கேள்வியை முடித்துவைக்க எனக்கு மனமில்லை. ஆய்வுக்கூடக் கருவி எதுவும் இல்லாமல், இந்தக் கரையில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே அதைச் செய்ய வழி இருந்தால் சொல்லுங்கள்.

இயற்பியல் பித்தன், தேவிபட்டினம்:

அம்மா, முட்டையை ஒரு பக்கமும் அது விலக்கும் நீரை மறுபக்கமும் வைத்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். ஒரு பொருள் தன் பருமனுக்குச் சமமான நீரைவிட எடை குறைந்திருந்தால் மட்டுமே மிதக்கும். புதிய கோழிமுட்டையின் அடர்த்தி, ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1.08 கிராம். நல்ல நீர் 1.00. கடல் நீரில் ஒரு கிலோவுக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருப்பதால் அதன் அடர்த்தி 1.025 அளவில் நிற்கிறது. நம் வெயிலில் சூடான கரையோர நீரில் அது இன்னும் சற்றுக் குறையும். ஆகவே கடல் நீர் முட்டையை நோக்கிக் கொஞ்சம் ஏறியிருக்கிறதே தவிர, பாதித் தொலைவைக்கூடக் கடக்கவில்லை.

அடர்த்தி 1.08ஐத் தொட வேண்டுமென்றால் நூற்றுக்குப் பதினொரு பங்கு உப்பு வேண்டும். உங்கள் வாளியிலிருந்து ஒரு லிட்டரைத் தனியே எடுத்து, 80 முதல் 100 கிராம் வரை தூளுப்பைச் சிறிது சிறிதாகக் கரையுங்கள். முட்டை முதலில் படுத்திருக்கும், பிறகு ஒரு முனை தூக்கி நிற்கும், பிறகு மேலே வரும். நிற்கும் அந்த இடைநிலையைப் பிள்ளைகள் தவறவிடக் கூடாது. முட்டையின் அகன்ற முனையில் காற்றறை இருப்பதால் அந்த முனைதான் முதலில் எழும்.

ஓர் எச்சரிக்கை. பழைய முட்டையைக் கொண்டுவந்துவிடாதீர்கள். ஓட்டின் நுண்துளைகள் வழியே உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறிக் காற்றறை பெரிதாகிக்கொண்டே போகும். நாள்பட்ட முட்டை வெறும் கிணற்று நீரிலேயே மிதந்து உங்கள் பாடத்தைக் கெடுத்துவிடும்.

உப்பளத்துக்காரன், வாலிநோக்கம்:

டீச்சர், பித்தன் தம்பி சொன்ன எண்கள் எங்கள் தொழிலில் தினமும் புழங்குபவை. நாங்கள் அடர்த்தி என்று சொல்வதில்லை, டிகிரி என்போம். இது காய்ச்சல் பார்க்கும் டிகிரி அன்று. ஒரு கண்ணாடிக் குழலை நீரில் மிதக்கவிட்டு, அது எவ்வளவு மேலே எழுந்து நிற்கிறது என்று பார்ப்பதுதான். கடலிலிருந்து வாங்கும் நீர் மூன்று, மூன்றரை டிகிரி இருக்கும். அதைப் பெரிய பாத்திகளில் தேக்கி வெயிலுக்கும் காற்றுக்கும் விட்டால் நாளாக நாளாக ஏறும். 13 டிகிரியைத் தாண்டினால் ஜிப்சம் படியத் தொடங்கும். 25ஐத் தொடும்போது உப்பு விளையும் பாத்திக்குத் திருப்புவோம். அதற்குள் பத்து வாளி நீர் ஒரு வாளியாகச் சுண்டியிருக்கும். 29, 30க்கு மேல் போனால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும், காற்றின் ஈரத்தையும் இழுக்கும். ஆகவே மிஞ்சிய கசப்பு நீரை வெளியேற்றிவிடுவோம்.

உங்கள் முட்டை எங்கள் கணக்கில் 11 டிகிரிப் பாத்தியில் மிதக்கத் தொடங்கும். அடுத்தடுத்த பாத்திகளில் அதே முட்டையை விட்டுக்கொண்டே நடந்தால், எந்த வரப்பைத் தாண்டியதும் அது மேலே வருகிறது என்று பிள்ளைகள் கண்ணால் பார்க்கலாம். எந்த ஆய்வுக்கூடத்திலும் இவ்வளவு நீளமான சோதனைக்குழாய் வரிசை கிடைக்காது.

தொண்டி மாணவன்:

ஐயா, அந்தக் கண்ணாடிக் குழலை நாங்களே செய்ய முடியுமா? மேலும், 3.5 டிகிரி என்பதும் நூற்றுக்கு 3.5 பங்கு உப்பு என்பதும் ஒத்துப்போவது தற்செயலா?

இயற்பியல் பித்தன், தேவிபட்டினம்:

தற்செயல் அன்று, தம்பி. இந்த அளவுகோலை 1768இல் வகுத்த அந்துவான் போமே என்ற பிரெஞ்சு மருந்தாளர், குழல் தூய நீரில் நிற்கும் இடத்தைச் சுழியம் என்றும், நூற்றுக்குப் பதினைந்து பங்கு உப்புக் கரைந்த நீரில் நிற்கும் இடத்தைப் பதினைந்து என்றும் குறித்து, இடைவெளியைச் சமமாகப் பிரித்தார். அதனால்தான் உப்பு நீரைப் பொறுத்தவரை டிகிரியும் விழுக்காடும் ஏறத்தாழ ஒன்றாகவே நடக்கின்றன. இன்று வழங்கும் சூத்திரப்படி 145ஐ அடர்த்தியால் வகுத்து, வந்ததை 145இலிருந்து கழித்தால் டிகிரி கிடைக்கும். அடர்த்தி 1.025 என்றால் மூன்றரை, 1.08 என்றால் பதினொன்றுக்குச் சற்றுக் குறைவு, 1.208 என்றால் இருபத்தைந்து.

செய்வதற்கு ஒரு குளிர்பான உறிஞ்சுகுழல் போதும். ஒரு முனையை மெழுகால் கசியாமல் அடைத்து, உள்ளே தூண்டில் ஈயத்தின் சிறு துண்டுகளையோ காய்ந்த மணலையோ போட்டு, நல்ல நீரில் நேராக நிற்கச் செய்யுங்கள். துண்டுகளைக் கூட்டியும் குறைத்தும், குழல் சரியாக 14.5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அமிழுமாறு ஆக்கி, நீர்மட்டம் தொடும் இடத்தில் மையால் ஒரு கோடு போடுங்கள். இனி எந்த உப்பு நீரில் விட்டாலும் அந்தக் கோடு எத்தனை மில்லிமீட்டர் மேலே எழுகிறதோ அத்தனை டிகிரி என்று அப்படியே படிக்கலாம். ஒரே பருமனான குழல் அமிழும் நீளம் அடர்த்திக்குத் தலைகீழ் விகிதத்தில் குறையும், 14.5ஐத் தேர்ந்தது சூத்திரத்தின் 145 மில்லிமீட்டராக மாறி வேலை செய்யட்டும் என்பதற்காகத்தான். கடலில் மூன்றரை மில்லிமீட்டர், முட்டை மிதக்கும் நீரில் பதினொன்று, உப்பு விளையும் பாத்தியில் இரண்டரை சென்டிமீட்டர். நன்னீரையும் உப்பு நீரையும் ஒரே நிழலில் சற்று நேரம் வைத்துவிட்டு அளந்தால் வெப்பநிலை வேறுபாடு குறுக்கிடாது.

பாம்பன் வல்லம்:

இந்த இழையை ஆர்வத்தோடு படித்து வருகிறேன். கப்பல்களின் பக்கவாட்டில் கடல் நீருக்கு ஒரு கோடும் ஆற்று நீருக்குச் சற்று உயரத்தில் வேறொரு கோடும் போட்டிருப்பதன் பொருள் இப்போது விளங்குகிறது. அதே சுமையோடு ஆற்றுக்குள் நுழைந்தால் கப்பல் கூடுதலாக அமிழும்.

இரண்டு ஐயங்கள் உண்டு. தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனையில் ஆண்கடலும் (மன்னார் வளைகுடா) பெண்கடலும் (பாக் நீரிணை) கலப்பதே இல்லை, அடர்த்தி வேறு என்று ஒரு காணொளி சுற்றுகிறது. இராமேசுவரத்தில் தொட்டிகளில் மிதக்கவிட்டுக் காட்டும் கல்லுக்கும் இதே கணக்குத்தானா என்பது மற்றொன்று.

இயற்பியல் பித்தன், தேவிபட்டினம்:

முதலாவது பிழை. மன்னார் வளைகுடா ஆழமானது, அலை மிகுந்தது; பாக் நீரிணை ஆழம் குறைந்து கலங்கலாக இருப்பது. முனையில் தெரியும் கோடு அலையும் நிறமும் மாறுகிற இடமே ஒழிய வேலி அன்று. பாம்பன் கால்வாய் வழியாகவும் மணல்திட்டுகளின் இடைவெளிகள் வழியாகவும் நீர் பருவத்துக்கேற்ப இரு பக்கமும் போய்வருகிறது. அந்தப் போக்குவரத்தை உங்கள் வல்லம் என்ற படகே நன்கு அறியும்.

கல்லைப் பற்றி: கல்லாகிய பொருளின் அடர்த்தி நீரைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு, மிதப்பது கல்லும் அதற்குள் அடைபட்ட காற்றும் சேர்ந்த கூட்டு. எரிமலைக் குழம்பு நுரைத்து இறுகிய நுரைக்கல்லின் குமிழிகளில் காற்று அடைபட்டிருப்பதால் அது நெடுநாள் மிதக்கும். 1883இல் கிரகத்தோவா வெடித்தபோது எழுந்த நுரைக்கற்கள் இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்கக் கரை வரை மிதந்தே சென்றிருக்கின்றன. பழைய வீடுகளில் நாம் பார்க்கும் பவளக்கல்லிலும் துளைகள் உண்டு. அவை ஒன்றோடொன்று திறந்திருந்தால் நீர் புகுந்து கல் மூழ்கிவிடும். கையில் ஒரு கல் கிடைத்தால் காய்ந்த நிலையில் எடை பாருங்கள், நீரில் ஊறப்போட்டு மீண்டும் எடை பாருங்கள்; கூடிய எடை எவ்வளவு நீர் உள்ளே புகுந்தது என்பதைச் சொல்லிவிடும். யாருடைய நம்பிக்கையையும் இந்தத் தராசு தொடுவதில்லை.

மண்டபம் ஆசிரியை:

மிக்க நன்றி. உறிஞ்சுகுழலைப் பிள்ளைகள் செய்துவிட்டார்கள். கடல் நீரில் எழுந்த மூன்று மில்லிமீட்டரைப் பார்ப்பதற்கு ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு நின்றார்கள். அடுத்த வகுப்புக்கு இந்தத் தொடரில் வேறு சோதனை ஏதேனும் உண்டா?

உப்பளத்துக்காரன், வாலிநோக்கம்:

மழை பெய்த பாத்தியைச் செய்துகாட்டுங்கள், டீச்சர். ஐப்பசியில் திடீரென்று மழை கொட்டினால், புதிதாக வருபவர்கள் விளைந்த நீரெல்லாம் வீணாயிற்று என்று பதறுவார்கள். மழைநீர் இலேசானது, காற்று வீசிக் கலக்கும்வரை கனத்த உப்பு நீரின் மேலேயே தனித் தளமாக நிற்கும். மடையின் மேற்பலகையை மட்டும் எடுத்து அந்த மேல்நீரை வடித்துவிட்டால் அடியில் இருப்பதைப் பெருமளவு காப்பாற்றலாம். கண்ணாடிக் குவளையில் பாதிவரை செறிந்த உப்பு நீர் ஊற்றி, சொட்டு நீலம் விட்டு நிறமேற்றி, ஒரு கரண்டியின் முதுகில் படுமாறு நல்ல நீரை மெல்ல ஊற்றுங்கள். முட்டையைப் போட்டால் மேல்நீரில் மூழ்கி, அடிநீரில் மிதந்து, நடுவிலேயே நிற்கும்.

பாம்பன் வல்லம்:

இதைப் படித்ததும் நெடுநாளாக மனத்தில் கிடந்த ஒன்று எழுகிறது. தனுஷ்கோடியில் எங்கள் பெண்கள் கடலிலிருந்து சிறிது தொலைவில் மணலைக் கையால் தோண்டி, ஊறிவரும் நீரைச் சிரட்டையால் கோலிக் குடத்தில் நிரப்புகிறார்கள். இருபுறமும் கடல், நடுவில் ஒரு மணல் நாக்கு, அந்த ஊற்று நீர் குடிக்க இனிக்கிறது. மணல் உப்பை வடிகட்டிவிடுகிறது என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். அது சரியா? சரி என்றால், ஆழமாகத் துளையிட்ட இடங்களில் மட்டும் ஏன் உப்புக் கரிக்கிறது?

இயற்பியல் பித்தன், தேவிபட்டினம்:

மணல் தூசியை வடிக்கும், கரைந்த உப்பை வடிக்காது. ஒரு வாளி மணலின் வழியே கடல் நீரை ஊற்றி, அடியில் ஒழுகுவதைப் பிள்ளைகள் நாக்கில் வைத்துப் பார்த்தாலே அது தெரிந்துவிடும். ஊற்றில் வருவது கடல் நீரே அன்று; வாடைக்காலத்தில் அந்த மணலின் மேல் பெய்து உள்ளிறங்கிய மழைநீர். உப்பளத்துக்காரர் சொன்ன மேல்நீர்தான் அது, பாத்திக்குப் பதிலாக மணலுக்குள் நிற்கிறது. மணல் காற்றையும் அலையையும் தடுத்துக் கலக்கவிடாமல் வைத்திருப்பதால், கடல் நீரில் ஊறிய மணலின் மேல் நன்னீர் ஒரு குவிவில்லையின் வடிவில் மாதக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கிறது. ஆகவே பெரியவர்கள் மணலுக்குக் கொடுத்த பெருமை வீண்போகவில்லை. அதன் வேலை வடிப்பதாக இல்லாமல் காப்பதாக இருக்கிறது.

இதில் வியப்பான எண் ஒன்று உண்டு. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு சாண் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே நாற்பது சாண் ஆழத்துக்கு நன்னீர் இருக்க வேண்டும். மேலே நிற்கும் அந்தச் சிறு மிகையும் கீழே இருக்கும் நன்னீரும் சேர்ந்த எடை, அருகிலிருக்கும் கடல் நீரின் எடைக்குச் சமமாக வேண்டும் என்பதிலிருந்து வருவது இது: 1.000ஐ 0.025ஆல் வகுத்தால் 40. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பாடோன் கைபன் என்ற டச்சுக்காரரும், 1901இல் ஹெர்ஸ்பெர்க் என்ற செருமானியரும் தனித்தனியே கண்டது.

கீழக்கரை காக்கா:

கட்டட வேலையில் காலம் கழித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இந்த நாற்பதை வகுப்பறையிலேயே காட்ட, கொத்தனார் நீர் நிரப்பிச் சுவரின் மட்டம் பார்க்கும் மட்டக்குழாய் போதும். நான்கு மீட்டர் நீளமுள்ள ஒளி ஊடுருவும் குழாயை வளைத்து, இரு புயங்களையும் ஒரு பலகையில் செங்குத்தாகக் கட்டுங்கள். முதலில் நீலம் கலந்த கடல் நீரைப் புயங்களின் பாதிக்கு ஊற்றுங்கள். பிறகு ஒரு புயத்தில் மட்டும், குழாயின் சுவரில் வழியுமாறு, நல்ல நீரை மெல்லச் சேர்த்து ஒரு மீட்டர் உயரம் ஆக்குங்கள். நீல நீரும் வெள்ளை நீரும் சந்திக்கும் இடத்திலிருந்து அளந்தால், இந்தப் பக்கம் நன்னீர் 100 சென்டிமீட்டர், அந்தப் பக்கம் கடல் நீர் 97.5 சென்டிமீட்டர் நிற்கும். நன்னீர் இரண்டரை சென்டிமீட்டர் மிகை. அதைப்போல் ஏறக்குறைய நாற்பது மடங்கு கீழே. வேறுபாடு சிறியதாகத் தெரிந்தால், கடல் நீருக்குப் பதிலாக உப்பளத்துக்காரரிடம் 25 டிகிரி நீர் வாங்குங்கள். அப்போது மறுபக்கம் 83 சென்டிமீட்டரிலேயே நின்றுவிடும்.

மட்டக்குழாயில் ஒரு பக்கம் கடல் நீரும் மறுபக்கம் கிணற்று நீரும் போய்விட்டால் கட்டும் சுவரின் மட்டம் என்ன ஆகும் என்பதையும் பிள்ளைகளிடம் கேளுங்கள். எங்கள் பக்கத்தில் அது வெறும் கற்பனைக் கேள்வி இல்லை.

தொண்டி மாணவன்:

காக்கா, அப்படியானால் ஆழ்துளைக் கிணற்றில் உப்பு வருவதற்கும் இந்த நாற்பதுதான் காரணமா?

கீழக்கரை காக்கா:

ஆம், தம்பி. கடல் மட்டத்துக்கு மேல் கால் மீட்டர் நன்னீர் நிற்கும் மணலில், கணக்குப்படி கடல் மட்டத்துக்குக் கீழே பத்து மீட்டர் நன்னீர் இருக்கும். அங்கே ஒருவர் ஏழு மீட்டருக்குத் துளையிட்டு, வலுவான மோட்டார் வைத்து, குழாயைச் சுற்றிலும் நீர்மட்டத்தைப் பத்து சென்டிமீட்டர் இறக்கிவிட்டால், அதற்கு நேர் கீழே உப்பு நீரின் எல்லை நான்கு மீட்டர் வரை கூம்பாக மேலெழப் பார்க்கும். பத்திலிருந்து நான்கைக் கழித்தால் ஆறு; குழாயின் அடி ஏழில் இருக்கிறது. மேலே பத்து சென்டிமீட்டர்தானே குறைந்தது என்று நினைப்பவர் கீழே நடந்ததை வாயில் உப்புக் கரித்த பிறகே அறிகிறார். மோட்டாரை நிறுத்தினால் கூம்பு இறங்கும், ஆனால் ஏறிய வேகத்தில் இறங்காது. இடையில் கலங்கிய பகுதியும் ஒன்று மிஞ்சும். சிரட்டையால் கோலும் ஊற்று நீர்மட்டத்தை விரலளவுகூட இறக்குவதில்லை, தோண்டும் ஆழமும் மேல்மணலோடு நின்றுவிடுகிறது. அதனால்தான் தலைமுறைகளாக அது இனிக்கிறது. என்னைக் கேட்டால், கரையோர மணலில் ஓர் ஆழமான குழாயைவிட ஆழம் குறைந்த பல கிணறுகளே மேல் என்பேன். செலவு கூடும் என்று சொல்பவர்களோடு எனக்கு நெடுநாள் வழக்கு உண்டு.

மண்டபம் ஆசிரியை:

மட்டக்குழாய்ச் சோதனையை அடுத்த வாரம் வைத்துக்கொள்கிறேன். கடைசியாக ஒன்று: எங்கள் உறிஞ்சுகுழலை ஊற்று நீரிலும் விட்டு, உப்பு ஏறுகிறதா என்று பிள்ளைகள் மாதந்தோறும் கண்காணிக்க விரும்புகிறார்கள். அது சரிப்படுமா?

இயற்பியல் பித்தன், தேவிபட்டினம்:

சரிப்படாது, அம்மா. குடிநீரில் கரைந்த பொருள்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு நீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர அளவு சொல்கிறது. கடல் நீரில் அது 35,000. நூற்றுக்கு இரண்டு பங்கு கடல் நீர் கலந்தாலே ஊற்று நீரில் 700 மில்லிகிராம் கூடி முதல் வரம்பைத் தாண்டிவிடும். ஆனால் உங்கள் குழலில் அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட எழாது. மிதப்பதைக் கொண்டு அளப்பது பாத்திக்கும் கடலுக்கும் பொருந்தும், குடத்துக்குப் பொருந்தாது. உப்பு கலந்த நீர் மின்சாரத்தைக் கூடுதலாகக் கடத்தும் என்பதை வைத்து இயங்கும் சிறிய டி.டி.எஸ். மீட்டர், அதாவது நீரில் கரைந்த பொருள்களின் அளவைக் காட்டும் கருவி, கடைகளில் கிடைக்கிறது. சுத்திகரிப்பு இயந்திரம் பழுதுபார்க்க வருபவர் சட்டைப்பையில் வைத்திருப்பது அதுதான். ஒன்றை வாங்கி, ஊற்று, பள்ளிக் கிணறு, ஆழ்துளைக் குழாய் ஆகிய மூன்றிலும் கார்த்திகையில் ஒருமுறையும் சித்திரையில் ஒருமுறையும் எடுத்து எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

உப்பளத்துக்காரன், வாலிநோக்கம்:

டீச்சர், 25 டிகிரி நீர் இரண்டு கேன் எடுத்து வைத்திருக்கிறேன். பாத்தியில் முட்டை விட்டுப் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிவருவதானால் காலையிலேயே வந்துவிடுங்கள். பத்து மணிக்கு மேல் உப்பின் வெள்ளை வெயிலில் கண்ணைக் கூசச் செய்யும். காலில் காயம் இருக்கும் பிள்ளையைப் பாத்திக்குள் இறக்க வேண்டாம்.